பெயரும் குடியுரிமையும்: ஏதென்சு முதல் இந்திய வாக்காளர் பட்டியல் வரை

ஒருவரைக் குடியுரிமை உடையவராகச் சட்டம் ஏற்பதும், அவரைப் பெயர் சொல்லிச் சுட்டுவதும் வெவ்வேறு செயல்கள். பெண்கள் திறத்தில் இவ்விரண்டும் எவ்வாறு முரண்பட்டன என்பதைப் பண்டைய ஏதென்சையும் இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலையும் ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கி.மு. 451இல் பெரிக்கிளீசு கொணர்ந்த சட்டத்தின்படி, தாய் தந்தை இருவரும் ஏதென்சுக் குடியினராயின் மட்டுமே மகனுக்குக் குடியுரிமை கிட்டும். ஆகவே தாயின் பிறப்பு சட்டத்திற்கு இன்றியமையாததாயிற்று. ஆயினும் மக்கள் அவையில் வாக்களிக்கவோ நீதிமன்றத்தில் நடுவராக அமரவோ அவளுக்கு உரிமை இல்லை. 'பொலிதேசு' (குடிமகன்) என்பதற்குப் 'பொலிதிசு' என்னும் பெண்பால் வடிவம் உண்டு. எனினும் நகரத்துப் பிறப்பைச் சுட்டும் 'அஸ்தே' என்பதே பெண்களுக்குப் பெரிதும் வழங்கியது.

நீதிமன்ற உரையாளர்கள் உயிரோடிருந்த மதிப்புடைய பெண்களைப் பெரும்பாலும் 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்றே சுட்டினர். இதனை டேவிட் ஷாப்சு 1977இல் விளக்கினார். குடியுரிமை உடையவளாக நடித்தாள் எனக் குற்றஞ்சாட்டப்பெற்ற நெயைராவின் பெயரோ, அவ்வழக்குரையில் மீண்டும் மீண்டும் வருகிறது. பெயர் மறைத்தல் மதிப்பையும், பெயர் கூறல் இழிவையும் உணர்த்தின எனலாம்.

இந்நாட்டில் இம்மரபு வேறு விளைவைத் தந்தது. சென்னை மாகாணம் 1921இலும் மைசூர் சமஸ்தானம் 1923இலும் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தன; அது வரையறைக்கு உட்பட்டதே. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு வயதுவந்தோர் அனைவருக்கும் அவ்வுரிமையை வழங்கியது. ஆனால் 1951–52 தேர்தலுக்கான பட்டியல் தயாரித்தபோது, குறிப்பாக வட மாநிலங்களில், பெண்கள் பலர் தம் பெயரைக் கூறாது 'இன்னாரின் மகள்', 'இன்னாரின் மனைவி' என்றே பதிவுசெய்தனர். சொந்தப் பெயரின்றிப் பதிவு கூடாது எனத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளர்களுள் 28 இலட்சம் பேர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். ஏதென்சில் பெண்ணுக்கு மதிப்புத் தந்த அதே சுட்டுமுறை, இங்கே அவளது வாக்கைப் பறித்தது.

பெயர் இருந்தாலே உரிமை வந்துவிடும் என்பதன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பெயருடனும் அவரவர் வீட்டுடனும் பட்டியலிடுகிறது. அது பணியாளர் பதிவேயன்றி ஆட்சியுரிமைப் பதிவன்று. எனவே உரிமைக்குப் பெயர் போதிய நிபந்தனை அன்று. ஆயினும் தேவையான நிபந்தனை.

இது மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய சிக்கல். 'குடிமக்கள்' என்னும் பன்மை பால் காட்டுவதில்லை. 'குடிமகன்' என்னும் ஒருமையோ ஆண்பாலையே காட்டும். சட்ட நூல்களில் இவ்வொருமையை இருபாற்கும் பொதுவாக ஆளுமிடத்து, பெண் மீண்டும் சுட்டப்பெறாதவளாகிறாள். 'குடிமக்களுள் ஒருவர்' எனப் பெயர்ப்பது சற்றே நீளும். எனினும் அத்தொடர் எவரையும் விடுவதில்லை.