அமில-காரத் தரம் பார்த்தலும் உப்புப் பகுப்பாய்வும்

அமில-காரத் தரம் பார்த்தல், உப்புப் பகுப்பாய்வு ஆகிய இரண்டும் தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் நடத்தப்படும் வேதியியல் செய்முறைகள் ஆகும். முதலாவது, ஒரு கரைசலில் ஒரு பொருள் எவ்வளவு கரைந்துள்ளது என்பதை அளந்து காண்பது. இது பருமனறி பகுப்பாய்வின் ஒரு வகை. இரண்டாவது, பெயர் குறிக்காமல் தரப்பட்ட உப்பில் அடங்கியுள்ள அமில உறுப்பையும் கார உறுப்பையும் கண்டறிவது. இது பண்பறி பகுப்பாய்வு எனப்படும். கருநாடக எல்லையை ஒட்டிய ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பகுதியில் மாம்பழக்கூழ் ஆலைகள், உலோகப் பூச்சுக் கூடங்கள், குடிநீர் ஆய்வகங்கள் ஆகியவற்றில் இவ்விரு முறைகளின் அடிப்படைகளே நடைமுறையில் பயன்படுகின்றன.

பெயர்கள்

தமிழ்நாட்டில் 'தரம் பார்த்தல்' எனப்படுவது இலங்கைப் பாடநூல்களில் 'நியமிப்பு' எனப்படுகிறது. தமிழ்நாட்டு மாணவர் பியூரெட், பிப்பெட் என்று கூறும் கருவிகளை இலங்கை மாணவர் முறையே அளவி, குழாயி என்பர். நிறங்காட்டி அங்கே காட்டி என்று வழங்குகிறது.

வரலாறு

பிரான்சு நாட்டின் துணி வெளுக்கும் தொழிலில் கரைசல்களின் வலிமையை விரைந்து அறிய வேண்டிய தேவை எழுந்தது. அதிலிருந்தே தரம் பார்த்தல் வளர்ந்தது. 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் டெக்ரோசில் பியூரெட்டின் முன்னோடிக் கருவியை அமைத்தார். கே-லூசாக் அம்முறையைச் செம்மைப்படுத்தினார். செருமானிய வேதியியலாளர் மோர் 1855 இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றானது. உப்புகளைத் தொகுதிகளாகப் பிரித்தறியும் முறையைப் பாடமாக்கியவர்களுள் 1841 இல் தம் நூலை வெளியிட்ட பிரெசனியசு முதன்மையானவர்.

தமிழில் வேதியியலைக் கற்பிக்கும் முயற்சிக்கும் நீண்ட வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்தில் மருத்துவக் கல்வியைத் தமிழில் நடத்திய சாமுவேல் கிறீனின் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் நூல் 1875 இல் வெளியானது.

தமிழ்நாட்டில் 1978 இல் மேல்நிலைக் கல்வி தொடங்கும் வரை, இந்நிலைச் செய்முறைகள் கல்லூரிகளின் புகுமுக வகுப்பில் இடம்பெற்றன. மேல்நிலைக் கல்வி வந்தபின் பியூரெட் தாங்கிகளும் வினைப்பொருள் குப்பிகளும் பள்ளி ஆய்வகங்களுக்கு வந்தன.

தரம் பார்க்கும் முறை

தரப்பட்ட 250 மி.லி. கரைசலில் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடின் எடையைக் காண்பது வழக்கமான ஒரு பயிற்சி. சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் உறிஞ்சக் கூடியது. எனவே அதை எடை போட்டுச் சரியான வலிமையுள்ள திட்டக் கரைசலாக ஆக்க இயலாது. ஆகையால் சோடியம் கார்பனேட்டு திட்டக் கரைசலாகவும், ஹைட்ரோகுளோரிக் அமிலம் இணைப்புக் கரைசலாகவும் பயன்படுகின்றன. முதலில் கார்பனேட்டைக் கொண்டு அமிலத்தின் வலிமையும், பின்னர் அமிலத்தைக் கொண்டு காரத்தின் வலிமையும் காணப்படும்.

முதல் தரம் பார்த்தலில் மெத்தில் ஆரஞ்சு நிறங்காட்டியாகும். கூம்புக் குடுவையிலுள்ள கரைசல் மஞ்சளிலிருந்து இளஞ்சிவப்பாக மாறும். இரண்டாவதில் பினாப்தலின் சேர்க்கப்படும். இளஞ்சிவப்பு மறைவது முடிவு நிலையாகும்.

எடுத்துக்காட்டாக, 20 மி.லி. 0.1 நார்மல் கார்பனேட்டுக் கரைசலுக்கு 19.6 மி.லி. அமிலம் தேவைப்பட்டால் அமிலத்தின் வலிமை 0.1020 நார்மல். அடுத்து 20 மி.லி. காரக் கரைசலுக்கு 19.0 மி.லி. அமிலம் செலவானால் காரத்தின் வலிமை 0.0969 நார்மல். சோடியம் ஹைட்ராக்சைடின் சமான எடை 40 ஆதலால், 250 மி.லி. கரைசலில் உள்ள எடை 0.969 கிராம் ஆகும்.

முடிவு நிலையைத் தாண்டி 0.2 மி.லி. அமிலம் மிகுதியாக விடப்பட்டால் விடை ஏறத்தாழ ஒரு விழுக்காடு பிழையாகும். ஆகவே ஒத்த அளவு கிடைக்கும் வரை தரம் பார்த்தல் மீண்டும் செய்யப்படுகிறது. முதல் அளவீட்டிற்குப் பொருந்துமாறு அடுத்ததைத் திருத்தி எழுதினால் இந்தப் பாதுகாப்பு பயனற்றுப் போகும்.

நிறமற்ற கரைசலில் கீழ்ப்பிறையின் அடிமட்டம் கண்ணுக்கு நேராக இருக்கும்போது அளவீடு எடுக்க வேண்டும். பியூரெட்டும் பிப்பெட்டும் அவற்றில் நிரப்பப்படும் கரைசலாலேயே இறுதியாக அலசப்படும். கூம்புக் குடுவையை மட்டும் நீரால் அலச வேண்டும். அதைக் கரைசலால் அலசினால் அளந்து எடுத்த பொருளின் அளவு கூடிவிடும்.

உப்புப் பகுப்பாய்வு

நிறம், கரைதிறன், சுடர்ச் சோதனை ஆகியவை முதல்நிலைச் சோதனைகளாகும். சுடரில் கால்சியம் செங்கல் சிவப்பையும், பேரியம் ஆப்பிள் பச்சையையும் தரும். இவை குறிப்புகள் மட்டுமே. உறுதிச் சோதனையின் பின்னரே முடிவு கூறப்படும்.

கார உறுப்புகள் கீழ்க்காணுமாறு தொகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன. தொகுதிகளுக்கு முன்னரே அம்மோனியம் தனியாகச் சோதிக்கப்படும்.

* முதல் தொகுதி: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் வீழ்படிவாகும் காரீயம்.
* இரண்டாம் தொகுதி: அமில ஊடகத்தில் ஹைட்ரஜன் சல்பைடால் வீழ்படிவாகும் தாமிரம் முதலியன. காரீயக் குளோரைடு சிறிதளவு கரையக் கூடியதாதலால் காரீயம் இங்கும் தோன்றலாம்.
* மூன்றாம் தொகுதி: அம்மோனியம் குளோரைடும் அம்மோனியம் ஹைட்ராக்சைடும் சேர்க்கையில் வீழ்படிவாகும் அலுமினியம், இரும்பு.
* நான்காம் தொகுதி: கார ஊடகத்தில் ஹைட்ரஜன் சல்பைடால் வீழ்படிவாகும் துத்தநாகம், மாங்கனீசு, நிக்கல், கோபால்ட்.
* ஐந்தாம் தொகுதி: அம்மோனியம் கார்பனேட்டால் வீழ்படிவாகும் கால்சியம், பேரியம், ஸ்ட்ரான்சியம்.
* ஆறாம் தொகுதி: மக்னீசியம்.

இவ்வரிசை கரைதிறன் பெருக்கத்தை அடிப்படையாகக் கொண்டது. மூன்றாம் தொகுதியில் அம்மோனியம் குளோரைடைச் சேர்க்க மறந்தால், ஹைட்ராக்சைடு அயனிகள் மிகுந்து மக்னீசியமும் வெண்ணிற வீழ்படிவாகலாம். அதை அலுமினியம் என்று தவறாகக் கொள்ள நேரும். அம்மோனியம் குளோரைடு இருக்கையில் பொது அயனி விளைவால் ஹைட்ராக்சைடு அயனிகள் குறைந்து, மக்னீசியம் கரைசலிலேயே தங்கிவிடும். ஐயம் எழுந்தால் வீழ்படிவுடன் சோடியம் ஹைட்ராக்சைடை மிகுதியாகச் சேர்த்துப் பார்க்கலாம். அலுமினியம் ஹைட்ராக்சைடு கரையும். மக்னீசியம் ஹைட்ராக்சைடு கரையாது.

அமில உறுப்புகளுக்காக உப்பைச் சோடியம் கார்பனேட்டுக் கரைசலுடன் கொதிக்கவைத்து வடிகட்டி, சோடா சாறு தயாரிக்கப்படும். பெரும்பாலான உலோக அயனிகள் வண்டலில் தங்க, அமில உறுப்புகள் கரைசலுக்கு வரும். கார்பனேட்டை மட்டும் இச்சாற்றில் சோதிக்க இயலாது. சாறே கார்பனேட்டால் ஆனது.

எல்லைப் பகுதியில் இரு அலகுகள்

தமிழ்நாட்டுச் செய்முறைக் கணக்குகள் நார்மாலிட்டியைக் கொண்டவை. என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களைப் பின்பற்றும் கருநாடகப் பதவிபூர்வ வகுப்புகளிலும் மைய வாரியப் பள்ளிகளிலும் மோலாரிட்டி பயன்படுகிறது. ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் படிக்கச் செல்லும் மாணவர் இவ்வேறுபாட்டை உணர வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்திற்கு இரு அளவுகளும் சமம். ஆனால் 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலம் 0.05 மோலார் ஆகும். அதன் ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தருவதே காரணம்.

தொழிலிலும் குடிநீரிலும் பயன்பாடு

2004 இல் தருமபுரியிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழக்கூழ் உற்பத்திக்குப் பெயர் பெற்றது. கூழின் அமிலத்தன்மை 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்த்து, சிட்ரிக் அமிலமாகக் கணக்கிடப்படுகிறது. 10 கிராம் கூழுக்கு 9.5 மி.லி. காரம் செலவானால் அமிலத்தன்மை ஏறத்தாழ 0.61 விழுக்காடு. கூழின் மஞ்சள் நிறம் முடிவு நிலையை மறைக்குமாதலால் அது நீரால் நீர்க்கப்படும், அல்லது பி.எச். மானி பயன்படுத்தப்படும். அடைக்கப்பட்ட உணவின் பி.எச். 4.6 க்குக் கீழே இருந்தால் போட்டுலிச நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளர்வதில்லை. எனவே அமிலத்தன்மையைக் கண்காணிப்பது சுவையோடு உணவின் பாதுகாப்பையும் சார்ந்ததாகும்.

ஓசூரின் வாகன உதிரிப்பாகத் தொழிலுக்குத் துணையான உலோகப் பூச்சுப் பணிகளில் அமில, காரத் தொட்டிகளின் வலிமையை அறியவும், கழிவுநீரை நடுநிலையாக்கத் தேவையான அளவைக் கணக்கிடவும் தரம் பார்த்தல் உதவுகிறது. நிக்கல், தாமிரம் போன்ற உலோகங்கள் கழிவுநீரில் உள்ளனவா என்னும் கேள்வி பண்பறி பகுப்பாய்வைச் சார்ந்தது.

பள்ளி முறைகளின் எல்லையைக் குடிநீர் காட்டுகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதியாக இருந்து, பற்களையும் எலும்புகளையும் தாக்கும் புளோரோசிசை ஏற்படுத்தியது. இதற்குத் தீர்வாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013 இல் தொடங்கி வைக்கப்பட்டது. குடிநீரில் புளோரைடின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மி.கி.; வேறு நீர் இல்லாத இடங்களில் 1.5 மி.கி. வரை இந்தியத் தர நிறுவனம் அனுமதிக்கிறது. இத்துணைச் சிறிய அளவைச் சோதனைக் குழாய்ச் சோதனைகளால் காண இயலாது. அயனி மின்முனையோ நிறமானியோ தேவை. ஆகவே பள்ளிச் சோதனையில் புலப்படவில்லை என்பதைக் கொண்டு, நீர் குடிக்கத் தக்கது என்று முடிவு செய்யலாகாது.

பாதுகாப்பு

* பிப்பெட்டை வாயால் உறிஞ்சுதல் தவறு. இரப்பர் குமிழைப் பயன்படுத்த வேண்டும்.
* அமிலத்தை நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அடர் கந்தக அமிலத்தில் நீரை ஊற்றலாகாது.
* ஹைட்ரஜன் சல்பைடு நச்சு வாயுவாகும். செறிவு மிகும்போது அது முகரும் திறனை மழுங்கச் செய்யும். நாற்றம் தெரியவில்லை என்பதால் வாயு இல்லை என்று கொள்ளலாகாது. புகைப்போக்கி அறையிலேயே அதைக் கையாள வேண்டும்.
* காரீய, பேரிய உப்புகள் நச்சுத்தன்மை உடையவை. அவற்றின் கழிவைத் தனியே சேர்க்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* நிறங்காட்டி
* கரைதிறன் பெருக்கம்
* கிருஷ்ணகிரி மாவட்டம்
* புளோரோசிசு