பூட்டே இல்லாத கதவு

லண்டன், 1817. ஜேம்ஸ் பார்க்கின்சன் என்கிற டாக்டர் சின்னதாக ஒரு புத்தகம் எழுதினார். அதில் வருவது மொத்தமே 6 நோயாளிகள். அவர்களிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. சும்மா இருக்கும்போதே நடுங்கும் கை. முன்னால் சாய்ந்த உடம்பு. விழுந்துவிடப் போகிறாரோ என்று பதற வைக்கும் நடை.

நடுக்குவாதம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டுப் பெரியவரிடம் காபி டம்ளரைக் கொடுத்துவிட்டு, கையை எடுக்காமல் நாமும் சேர்ந்து பிடித்துக்கொள்வோமே, அதேதான்.

200 வருடம் தாண்டிவிட்டது. நடுக்கத்தைக் குறைக்க மாத்திரை உண்டு. நோயை அப்படியே நிறுத்த? ம்ஹும். ஏன் என்று கேட்டால், அது ஒரு பூட்டில் ஆரம்பிக்கிற கதை.

1894-ல் எமில் ஃபிஷர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் ஓர் உவமை சொன்னார். என்சைம் ஒரு பூட்டு மாதிரி. அதற்கென்று அமைந்த சாவி கச்சிதமாகப் பொருந்தினால்தான் காரியம் நடக்கும். 1958-ல் ஜான் கெண்ட்ரூ, திமிங்கிலத் தசையில் இருக்கும் மயோகுளோபின் என்கிற புரதத்தின் வடிவத்தையே எக்ஸ்ரே வைத்துப் பிடித்துக் காட்டினார். 1962-ல் நோபல் பரிசு. அப்புறமென்ன? புரதம் என்றால் வடிவம், வடிவம் இருந்தால்தான் வேலை என்பது வேதவாக்காகிவிட்டது. மருந்து செய்பவர்களுக்கும் வழி தெரிந்தது. பூட்டின் படம் கையில் இருந்தால் சாவி செய்துவிடலாம்!

ஒரே ஒரு சிக்கல். எக்ஸ்ரேயில் சிக்க வேண்டுமானால் புரதம் முதலில் படிகமாக வேண்டும். நிலையான வடிவம் இல்லாதது படிகமாகாது. ஆகவே கண்ணிலேயே படாது. கண்ணில் படாததை இல்லை என்று சொல்வதுதானே நம் வழக்கம்?

1997-ல் நடுக்குவாதத்தின் மர்மம் உடைந்தது. இத்தாலிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றில், நோய்க்குக் காரணமான மரபணுக் கோளாறு பிடிபட்டது. அந்த மரபணு தயாரிப்பது ஆல்ஃபா-சைனூக்ளின் என்கிற புரதம். நோயாளிகளின் மூளைச் செல்களுக்குள் சின்னச் சின்ன உருண்டைகள் இருப்பதை 1912-லேயே ஃபிரெடெரிக் லூயி என்பவர் பார்த்திருந்தார். அந்த உருண்டைகள் நிறைய இருப்பதும் இதே புரதம்தான் என்று அதே 1997-ல் தெரிந்தது.

ஆள் கிடைத்தாயிற்று. படம் எங்கே? அங்கேதான் இடித்தது. 140 அமினோ அமிலங்களைக் கோத்த இந்தச் சரடுக்கு நிலையான வடிவமே கிடையாது என்று 1996-லேயே அமெரிக்காவில் சொல்லியிருந்தார்கள். கொதிக்க வைத்தாலும் முட்டை மாதிரி கெட்டியாகாது. கலைவதற்கு வடிவம் என்று ஒன்று இருந்தால்தானே!

இது ஏதோ ஒரு விதிவிலக்கல்ல, இப்படி ஒரு ஜாதியே இருக்கிறது என்று 1999-ல் கலிஃபோர்னியாவின் பீட்டர் ரைட்டும் ஜேன் டைசனும் எழுதினார்கள். பலர் நம்பவில்லை. 'சோதனைக் குழாயில் தனியாகப் போட்டால் அப்படித்தான் இருக்கும். செல்லுக்குள் ஒழுங்காக மடிந்துதான் இருக்கும்' என்றார்கள்.

நியாயமான சந்தேகம். செல் என்பது பீக் ஹவர் டவுன் பஸ். நாலு பக்கமும் நெருக்கினால் யாருக்குமே உடம்பு ஒடுங்கத்தான் செய்யும். பி.காம். படித்த எனக்கு இது நன்றாகவே புரிகிறது. லெட்ஜரில் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும், கோடவுனுக்குள் போய் எண்ணிப் பார்க்காமல் ஸ்டாக்கை நம்பக்கூடாது.

உயிருள்ள செல்லுக்குள் எப்படிப் போவது? 2001-ல் வழி கிடைத்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எந்தத் தத்துவத்தில் இயங்குகிறதோ, அதே காந்த வித்தை. புரதத்தில் கொஞ்சம் கனமான நைட்ரஜனை ஏற்றி அடையாளம் வைக்க வேண்டும். கூட்டத்துக்குள் அது மட்டும் தனியாகக் குரல் கொடுக்கும். ஃபோல்கர் டோட்ஷ் குழுவினர் உயிருள்ள பாக்டீரியாவிலேயே இதைச் செய்தார்கள்.

அடுத்த வருடமே அதிர்ச்சி. கேரி பீலாக் குழு சோதித்த ஒரு புரதம், குழாயில் தளர்ந்து கிடந்தது. பாக்டீரியாவுக்குள் பாதி மடிந்துகொண்டது. சந்தேகப்பட்டவர்கள் சொன்னதில் விஷயம் இருந்தது! ஆனால் 2006-ல் அதே குழு ஆல்ஃபா-சைனூக்ளினைச் சோதித்தபோது, அது நெரிசலிலும் ஒழுங்கில்லாமல்தான் இருந்தது.

பாக்டீரியாவும் மனிதனும் ஒன்றா? 2011-ல் பாஸ்டனிலிருந்து டென்னிஸ் செல்கோ குழு குண்டு போட்டது. மனித ரத்தச் செல்களிலிருந்து பக்குவமாக எடுத்தால் இந்தப் புரதம் நாலு நாலாகச் சேர்ந்து, சுருள் வடிவத்தில் இருக்கிறதாம். இத்தனை நாள் நீங்கள் பார்த்தது, எடுக்கும்போது நீங்களே கெடுத்தது என்றார்கள். இது மட்டும் சரி என்றால் பூட்டு கிடைத்துவிட்டது. அந்த நாலும் பிரியாமல் பார்த்துக்கொள்ளும் மருந்து போதும். எத்தனை பெரிய நம்பிக்கை!

2016-ல் பெர்லினிலிருந்து பதில் வந்தது. ஃபிலிப் செலென்கோவின் குழு, மின்சார அதிர்வால் செல்லின் தோலில் துளை போட்டு, அடையாளம் வைத்த புரதத்தை உள்ளே அனுப்பியது. நரம்பு வகைச் செல், மற்ற செல் என்று 5 விதம். எல்லாவற்றிலும் அது தனித்தனியாக, ஒழுங்கில்லாமல்தான் இருந்தது. ஆனால் ஒரு நுணுக்கம். ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாவதற்குக் காரணமான நடுப்பகுதியை மட்டும், மடியில் பணத்தை ஒளித்து வைப்பதுபோல உள்ளே பொத்தி வைத்திருந்தது.

பாஸ்டன் அணி தன் கட்சியை அதோடு விட்டுவிடவில்லை. செல்லின் சவ்வில் ஒட்டும்போது இந்தப் புரதம் சுருள் வடிவம் எடுக்கும் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. ஆனாலும் கேள்வி மாறிவிட்டது. எந்த வடிவத்துக்குச் சாவி செய்யலாம் என்பதல்ல. அந்த நடுப்பகுதி எப்போது, ஏன் வெளியே வருகிறது? வராமல் எப்படித் தடுப்பது?

இன்னும் விடை கிடைக்கவில்லை. அதுவரை டம்ளரை நாமும் சேர்ந்துதான் பிடித்துக்கொள்ள வேண்டும்.