தேரைத்தோல்: ஒரு நோய்ப்பெயரின் வரலாறு

நோய்களுக்கு இடப்படும் பெயர்களை ஆராயுங்கால், அவை பெரும்பாலும் இருவகைப்படுதல் காணலாம். நோயின் காரணத்தைச் சுட்டுவன ஒருவகை. கண்ணுக்குப் புலனாகும் தோற்றத்தைச் சுட்டுவன மற்றொரு வகை. காரணம் பற்றிய கொள்கை மாறும்போது முதல்வகைப் பெயர்கள் பொருளிழந்து நிற்கும். தோற்றம் பற்றிய பெயர்களோ கொள்கைகள் பல மாறினும் நிலைபெறும். உணவுக்குறையால் தோலில் தோன்றும் நோய் ஒன்றின் பெயர் இதற்குத் தக்க சான்றாகும். அந்நோயின் வரலாற்றில் கொழும்பும் குன்னூரும் இடம்பெறுகின்றன. தமிழ்ச் சொல்வழக்கு ஒன்றும் அதனோடு ஒப்பிடத் தக்கதாய் உள்ளது. ஆதலின் அதனை ஈண்டு ஆராய்வோம்.

பெயரும் தோற்றமும்

முழங்கை, முழங்கால், தொடை, பிட்டம் ஆகிய இடங்களில் மயிர்க்கால்தோறும் சிறு முளைகள் கடினமாக எழுந்து, தோல் வறண்டு சொரசொரப்பாதல் இந்நோயின் இயல்பு. பள்ளிப் பருவச் சிறாரிடமே இது மிகுதியாகக் காணப்பெறும். கொழும்பிற் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் மருத்துவ அறிஞர், 1933இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை ‘ஃபிரினோடெர்மா’ என்று வழங்கினார். கிரேக்க மொழியில் ‘ஃபிரினோஸ்’ என்பது தேரையையும், ‘டெர்மா’ என்பது தோலையும் குறிக்கும். ஆகவே இதனைத் ‘தேரைத்தோல்’ என நாம் வழங்கலாம்.

இப்பெயரைக் கேட்ட அளவில், தமிழ் வழக்கிலுள்ள ‘தேரை’ நினைவுக்கு வருதல் இயல்பே. பருப்பின்றி வற்றிய தேங்காயைத் ‘தேரை மோந்த தேங்காய்’ என்பர். உடல் மெலிந்து வாடும் குழந்தையைத் ‘தேரை விழுந்த பிள்ளை’ என்பர். பாலவாகட மரபிலும் தேரைத்தோடம் என்னும் குழந்தைநோய் பேசப்படுகின்றது. எனினும் பெயரொப்புமை ஒன்றே கொண்டு இரண்டும் ஒரே நோய் எனத் துணிதல் ஆகாது. நம் வழக்கு உடல் வற்றுதலைக் குறிப்பது. நிக்கல்சு இட்ட பெயர் தோலின் கரடுமுரடான தன்மையைக் குறிப்பது. ஒன்று தேரையின் தீண்டலைக் காரணமாகக் கொண்டது. மற்றொன்று தேரையை உவமையாக மட்டுமே கொண்டது. எனவே முன்னது காரணப் பெயர், பின்னது தோற்றப் பெயர் என்று வேறுபடுத்துதல் பொருந்தும். ஆயினும் இரு வழக்குகளுக்கும் பின்னே நிற்பது உணவு போதாத குழந்தையே என்பதை மறத்தற்கில்லை.

முன்னோடியான ஒரு நோய்

தேரைத்தோலுக்குக் காரணம் தேடியோர் மனத்தில், அதற்கு முற்பட்ட பெலாக்ரா நோயின் வரலாறு ஆழப் பதிந்திருந்தது. கஸ்பார் கசால் என்னும் மருத்துவர் ஸ்பெயின் நாட்டு அஸ்தூரியாசில் 1735இல் இதனைக் கண்டு விளக்கினார். 1771இல் இத்தாலியரான ஃபிரபோலி ‘பெலாக்ரா’ என்னும் மக்கள் வழக்கை நூல்வழக்காக்கினார். அதற்குக் கரடான தோல் என்பது பொருள். இதுவும் தோற்றப் பெயரே. மக்காச்சோளத்தையே பெரிதும் உண்ட ஏழை மக்களை இந்நோய் வாட்டியது. தொற்று என்றும், குடிவழி வருவது என்றும், கெட்ட தானியத்தின் நஞ்சு என்றும் அறிஞர் பலவாறு கூறினர்.

அமெரிக்க நாட்டுத் தென்பகுதிக்கு 1914இல் அனுப்பப்பெற்ற ஜோசப் கோல்ட்பெர்கர், காப்பகங்களில் வாழ்வோர்க்கு வரும் இந்நோய் அங்குள்ள பணியாளரை அணுகாமையை நோக்கினார். தொற்றாயின் இவ்வேறுபாடு நிகழாது; இரு திறத்தாரையும் பிரித்தது உணவே என அவர் துணிந்தார். பாலும் முட்டையும் இறைச்சியும் பயறும் சேர்த்தபின் அனாதைக் காப்பகச் சிறாரிடம் நோய் அகன்றது. 1937இல் எல்வேஜெம் என்பார் நிகோடினிக் அமிலமே நோய் தீர்க்கும் பொருள் எனக் காட்டினார். ஒரு நோய், ஒரு பொருட்குறை, ஒரு மருந்து என்னும் எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

காரணம் தேடிய வழிகள்

தேரைத்தோலுக்கும் அவ்வாறே ஒரு பொருள் தேடப்பட்டது. முதலிற் கருதப்பட்டது உயிர்ச்சத்து ‘ஏ’. பீக்கிங் நகரில் ஃபிரேசியரும் ஹூவும் 1931இல் சீனப் போர்வீரரிடம் கண்ட தோல்மாற்றங்களை உயிர்ச்சத்து ‘ஏ’யின் குறையோடு இணைத்தனர். கிழக்கு ஆப்பிரிக்கச் சிறைக்கைதிகளைப் பற்றி லோவந்தால் 1933இல் எழுதியதும், நிக்கல்சின் கருத்தும் இதனோடு ஒத்தன. குன்னூர் உணவாய்வு நிலையத்தின் இயக்குநரான ஆய்க்ராய்டு, இராசகோபாலுடன் 1936இல் வெளியிட்ட தென்னிந்தியப் பள்ளிச் சிறார் பற்றிய ஆய்விலும் இந்நோய் உணவுக்குறையின் அடையாளமாக இடம்பெற்றது.

ஆயின் இக்கொள்கைக்குத் தடைகள் இருந்தன. உயிர்ச்சத்து ‘ஏ’ குறைந்தால் கண் கெடும்; கண் கெட்ட இளங்குழந்தைகள் பலரிடம் தேரைத்தோல் இல்லை; தேரைத்தோல் உடைய சிறார் பலரிடம் கண்கேடு இல்லை. மீனெண்ணெய் கொடுத்தபின் நோய் தணிந்தது என்பதும் முடிந்த சான்றன்று. மீனெண்ணெயில் உயிர்ச்சத்து இருப்பது உண்மை. ஆயினும் அது எண்ணெயும் ஆகும். இரண்டனுள் எது தோலைத் திருத்தியது என்பதை அச்சோதனையே கூறாது.

மற்றொரு வழி முன்னரே திறந்திருந்தது. அமெரிக்க நாட்டு ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் ஆகிய இருவரும் 1929இல், கொழுப்பு அறவே நீக்கிய உணவுண்ட எலிகளின் தோல் செதிலாகியதைக் காட்டி, சில கொழுப்பமிலங்கள் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாதன என நிறுவியிருந்தனர். சேலத்திற் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற சி. கோபாலன், 1947இல் தேரைத்தோலின் காரணத்தை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். உயிர்ச்சத்து ‘ஏ’ ஒன்றே காரணம் என்னும் கொள்கை அதன்பின் தளர்ந்தது. கொழுப்பமிலக் குறை முதன்மை பெற்றது. பின்வந்தோர் உயிர்ச்சத்து ‘பி’ தொகுதிக்கும் இதிற் பங்குண்டு என்றனர். இன்று பல குறைகள் கூடி விளைப்பதே இந்நோய் என்பது பெரும்பாலோர் கருத்து.

ஒரு பொருளும் முழு உணவும்

கொழுப்பமிலத்திற்கும் தோலுக்கும் உள்ள தொடர்பு இன்று தெளிவாகியுள்ளது. தோலின் மேலடுக்கில் உடல்நீர் வெளியேறாது காக்கும் கொழுப்புப் பொருள்கள் உள்ளன. அவற்றுட் சிலவற்றிற்கு லினோலியிக் அமிலம் உறுப்பாகும். அதனை உடல் தானே ஆக்கிக்கொள்ளாது, உணவினின்றே பெறவேண்டும். நல்லெண்ணெயில் இது ஏறத்தாழ 40 விழுக்காடு. தேங்காயெண்ணெயில் 2 விழுக்காடு அளவே. கீரையிலுள்ள கரோட்டினை உடல் ஏற்று உயிர்ச்சத்து ‘ஏ’ ஆக்குவதற்கும் உணவிற் சிறிது கொழுப்பு வேண்டும். ஆதலின் எண்ணெய் இல்லாத ஏழையின் கீரை முழுப்பயன் தாராது. இரு கொள்கைகளும் தம்முள் பகைத்து நின்றனவாயினும், உண்ணும் கலத்தில் அவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று சார்ந்தே நிற்கின்றன.

ஒரு பொருளே காரணம் என்னும் எண்ணத்திற்குப் பிறப்பிடமான பெலாக்ராவிலும் இவ்வுண்மை பின்னர் வெளிப்பட்டது. மக்காச்சோளம் அன்றிச் சோளத்தையே பெரிதும் உண்ட தக்காண மக்களிடமும் அந்நோய் கண்ட கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும், சோளத்தில் மிக்குள்ள லியூசின் என்னும் அமினோ அமிலம் இதற்குத் துணையாகலாம் என 1960இல் எழுதினர். இக்கருத்துப் பின்னர் மறுப்புகளுக்கும் உள்ளாயிற்று. எனினும், குறைந்த பொருளை மட்டுமன்றி உணவிலுள்ள பொருள்களின் அளவொப்புமையையும் நோக்கவேண்டும் என்பதை அது உணர்த்தியது. குன்னூர் நிலையம் 1958இல் ஐதராபாத்திற்கு மாறிற்று. கோபாலன் அதன் இயக்குநராகிப் பல்லாண்டு தொண்டாற்றினார்.

இதுகாறும் கூறியவற்றான், தேரைத்தோல் என்னும் பெயர் காரணக் கொள்கைகள் பலவற்றைக் கடந்து நின்றமை தெளிவாகும். அஃது எந்தப் பொருளின் குறையையும் தன்னுள் கூறாது, கண்ட தோற்றத்தை மட்டுமே கூறியதால் பிழைபடவில்லை. அதனைக் கண்ட மருத்துவர் எந்த மாத்திரை தரலாம் என்று மட்டும் எண்ணுவாராயின், பெயர் காட்டும் சான்றின் பாதியையே ஏற்றவராவர். அச்சிறுவன் நாள்தோறும் உண்ணும் சோற்றோடு எண்ணெயும் கீரையும் பயறும் பாலும் சேர்கின்றனவா என்று வினவுதலே அச்சான்றை முழுமையாக ஏற்பதாகும்.