இருட்டில் மூடிய மடை

கொஞ்சம் நெல்லை ஈரத்துணியில் முளைக்கவைத்து, ஒரு வாரம் இருட்டறையில் விட்டுவையுங்கள். வெளிறிய மஞ்சள் நாற்று கிடைக்கும். அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் சில மணி நேரத்தில் பச்சை ஏறத் தொடங்கும். பச்சையம் உண்டாக ஒளி வேண்டும் என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. ஆனால் அங்கே ஒளி செய்யும் வேலை ஒன்றன்று.

இருட்டு நாற்றில் பச்சையத்துக்கு முந்திய பொருளான புரோட்டோகுளோரோபிலைடு சிறிதளவு இருக்கிறது. ஒளி பட்டதும் அதனுடன் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் சேர, அது பச்சையமாகும் பாதையில் செல்கிறது. எந்த நிற ஒளி இதைச் செய்கிறது? 1951இல் கோஸ்கி, பிரெஞ்ச், ஸ்மித் ஆகிய மூவர் மக்காச்சோள நாற்றுகளில் இதனை அளந்து வெளியிட்டனர். இயற்பியல் கற்பிக்கும் எனக்கு அவர்களுடைய உத்தி மிகவும் பிடிக்கும். இலையிலுள்ள மஞ்சள் நிறமிகள் நீல ஒளியை விழுங்கிக் கணக்கைக் கெடுக்கும் அல்லவா? அதனால் அந்நிறமிகள் அற்ற வெள்ளை நாற்றுகளையும் சேர்த்துச் சோதித்தனர். திரை விலகியதும் நீல ஒளியின் உண்மைத் திறன் புலப்பட்டது. ஏறத்தாழ 445 நானோமீட்டர் நீலமும் 650 நானோமீட்டர் சிவப்பும் இவ்வேலைக்கு ஏற்றவை.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கடைசிப் படிக்கு மட்டுமே ஒளி தேவையென்றால், இருட்டில் அந்த முந்திய பொருள் நாளுக்கு நாள் குவிய வேண்டுமே! அது குவிவதில்லை. ஓர் அளவோடு நின்றுவிடுகிறது. (ஊசியிலை மரங்களின் நாற்றுகள் இருட்டிலேயே பச்சையாகும், அது வேறு கதை.)

நியூயார்க் ராக்பெல்லர் நிறுவனத்தின் சாம் கிரானிக் இதை ஆராய்ந்தார். பச்சையத்துக்கும் இரத்தத்தின் சிவப்புக்கும் பொதுவான மூலப்பொருள் அமினோலெவுலினிக் அமிலம். 1959இல் கிரானிக் அதனை இருட்டில் வளர்ந்த பார்லி இலைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இருட்டிலேயே புரோட்டோகுளோரோபிலைடு ஏராளமாகச் சேர்ந்தது! அப்படியானால் பின்படிகளுக்கான நொதிகள் எல்லாம் தயாராகவே இருக்கின்றன, அமிலம்தான் போதவில்லை. வாய்க்கால் முழுவதும் சரியாக இருக்கிறது, தலைமடை மூடியிருக்கிறது.

செடி ஏன் மடையை மூடுகிறது? குவிந்த பொருளின் மீது வெயில் பட்டால், அது ஒளியாற்றலை ஆக்சிஜனுக்குக் கொடுத்து அதனை நச்சாக்குகிறது, இலை வெந்துவிடும். 1984இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ரெபைஸ் குழுவினர் இதையே களைக்கொல்லியாக்க முனைந்தனர். களைகள்மேல் அமிலத்தைத் தெளித்து, இரவெல்லாம் குவியவிட்டு, காலை வெயிலிடம் ஒப்படைத்தார்கள்.

மடையை மூடும் கை எது என்பது 2001இல்தான் தெரிந்தது. சூரிச்சில் கிளாஸ் ஆபெல் குழுவினர் கண்ட 'ஃப்ளூ' என்ற புரதம், புரோட்டோகுளோரோபிலைடு சேரச் சேர அமிலத்தை உண்டாக்கும் முதல் நொதிகளுள் ஒன்றைப் பிடித்து நிறுத்துகிறது. ஒளி வந்து இருப்பைக் கரைத்ததும் பிடி தளர்கிறது. இந்தப் புரதம் இல்லாத நாற்று இருட்டில் முளைத்தால், நீல ஒளியில் சிவப்பாக ஒளிர்கிறது. வெளிச்சத்துக்கு வந்ததும் வெளுத்து மடிகிறது. அதே செடியை இரவே இல்லாமல் தொடர்ந்து ஒளியில் வளர்த்தால் பிழைத்துக்கொள்கிறது, குவிவதற்கு நேரம் இல்லையே!