சோமைட்டுகளின் காலக்கணக்கு: கருவியலில் ஒரு கேள்வியின் வளர்ச்சி

முன்னுரை

முதுகெலும்பிகளின் கருவில், நரம்புக் குழாயின் இருபுறமும் இணை இணையாகத் திசுக் கட்டிகள் தோன்றுகின்றன. சோமைட்டுகள் எனப்படும் இவற்றிலிருந்தே முள்ளெலும்புகளும் விலா எலும்புகளும் உடல், கைகால் தசைகளும் உண்டாகின்றன. நடு அடுக்கின் ஒரு பகுதி, தலைப்பக்கம் தொடங்கி வாலை நோக்கி ஒவ்வோர் இணையாகப் பிரிவதே இதன் முறை. இந்த ஒழுங்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி மூன்று நூற்றாண்டுகளில் எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. முதுகெலும்பில் காணும் வரிசை, கருவில் இயங்கிய கால ஒழுங்கின் விளைவு என்பதே இதன் கருத்து.

அடுக்குகளும் மறுபகுப்பும்

இத்தாலியரான மால்பீகியின் கோழிக்கரு ஓவியங்கள் 1673இல் வெளிவந்தன. அவற்றிலேயே சோமைட் வரிசை இடம்பெற்றுள்ளது. ஆனால் அது எந்தத் திசுவிலிருந்து வந்தது என்பதை அன்று அறிய வழியில்லை. 1817இல் கிறிஸ்டியன் பாண்டர் கோழிக்கருவின் அடுக்குகளை விவரித்தார். 1828இல் வான் பேயர் அக்கருத்தைப் பிற முதுகெலும்பிகளுக்கும் விரித்தார். ராபர்ட் ரெமாக் 1850களில் அவற்றைப் புற, நடு, அக அடுக்குகள் என மூன்றாக வகுத்தார்.

ரெமாக் மற்றோர் உண்மையையும் கண்டறிந்தார். ஒரு சோமைட் அப்படியே ஒரு முள்ளெலும்பு ஆவதில்லை. ஒன்றின் பின்பாதியும் அடுத்ததன் முன்பாதியும் சேர்ந்தே ஒரு முள்ளெலும்பு அமைகிறது. தசை பழைய எல்லைக்குள்ளேயே நிற்பதால் அடுத்தடுத்த இரு முள்ளெலும்புகளையும் பற்றிக்கொள்கிறது. முதுகை வளைக்க முடிவது இந்த மறுபகுப்பினால்தான்.

நடு அடுக்கின் பிறப்பு

நடு அடுக்கு எப்படி உண்டாகிறது என்பதற்கு 1969இல் டச்சு அறிஞர் நியூகோப் விடை தந்தார். இருவாழ்விக் கருவின் மேல்முனைச் செல்களைத் தனியே வளர்த்தால் தோல் போன்ற திசு மட்டுமே கிடைக்கும். அவற்றை மஞ்சள்கரு நிறைந்த கீழ்முனைச் செல்களோடு ஒட்டி வளர்த்தபோது முதுகுநாணும் தசையும் தோன்றின. அதாவது, நடு அடுக்கு தானாகப் பிறப்பதில்லை. அண்டைச் செல்களின் தூண்டலால் பிறக்கிறது. அத்தூண்டலில் பங்குபெறும் புரதங்கள் 1980களின் இறுதியிலிருந்து ஒவ்வொன்றாக அடையாளம் காணப்பட்டன.

கடிகாரமும் அலைமுகப்பும்

1976இல் ஜொனாதன் குக் என்ற உயிரியலாளரும் கிறிஸ்டோபர் ஸீமன் என்ற கணித அறிஞரும் ஒரு கோட்பாட்டை முன்வைத்தனர். செல்களுக்குள் ஒரு கடிகாரம் துடிக்கிறது. முதிர்ச்சியின் அலைமுகப்பு ஒன்று தலையிலிருந்து வாலுக்கு நகர்கிறது. ஒரு துடிப்புக்குள் அம்முகப்பு கடக்கும் செல்கள் ஒரு சோமைட்டாகின்றன. அப்போது இதற்கு மரபணுச் சான்று ஏதும் இல்லை.

சான்று 21 ஆண்டுகளுக்குப் பின் வந்தது. 1997இல் இசபெல் பால்மெய்ரிம், ஒலிவியே பூர்க்கியே குழுவினர் கோழிக்கருவின் வால்பகுதியை நெடுக்குவாட்டில் இரண்டாக வெட்டினர். ஒரு பாதியை உடனே பதப்படுத்தினர். மறுபாதியைச் சிறிது நேரம் வளர்த்த பிறகு பதப்படுத்தினர். ஒரே கருவின் இரு பாதிகளிலும் ஒரு மரபணுவின் செயற்பாடு வெவ்வேறு இடங்களில் தெரிந்தது. அச்செயற்பாடு வாலிலிருந்து முன்னோக்கி அலையாக நகர்ந்து, 90 நிமிடத்திற்கு ஒருமுறை திரும்பத் தோன்றியது. கோழியில் ஓர் இணை சோமைட் உருவாகும் நேரமும் அதே 90 நிமிடம்தான்.

2001இல் அலைமுகப்பும் அகப்பட்டது. எஃப்ஜிஎஃப்8 என்ற புரதம் வால்முனையில் மிகுந்தும் முன்னே செல்லச் செல்லக் குறைந்தும் இருக்கிறது. அப்புரதத்தில் ஊறிய நுண்மணியைக் கருவில் வைத்தபோது சோமைட்டுகள் சிறுத்தன.

இக்கடிகாரத்தின் வேகம் இனத்துக்கு இனம் வேறுபடும்: வரிக்குதிரை மீனில் சுமார் 30 நிமிடம், சுண்டெலியில் 2 மணி நேரத்துக்கு மேல். மனிதக் குருத்தணுக்களில் அது சுமார் 5 மணி நேரம் என 2020இல் தெரியவந்தது. கடிகாரம் பிழைத்தால் உடலும் பிழைக்கிறது. முள்ளெலும்புகளும் விலா எலும்புகளும் உருக்குலைந்து பிறக்கும் ஒரு நோய்க்கு, இவ்வமைப்பைச் சார்ந்த டிஎல்எல்3 மரபணுவின் பழுது காரணம் என 2000இல் கண்டறியப்பட்டது.

முடிவுரை

ஹாம்பர்கரும் ஹாமில்டனும் 1951இல் வகுத்த கோழிக்கரு வளர்நிலை அட்டவணையில், 7 முதல் 14 வரையான நிலைகள் சோமைட் இணைகளின் எண்ணிக்கையாலேயே குறிக்கப்படுகின்றன. கடிகாரம் இருப்பதை அறியாமலே கருவியலாளர்கள் அதைக் கொண்டு கருவின் வயதைக் கணித்து வந்தனர். ஆகவே, 33 மணி நேரக் கோழிக்கருவை நுண்ணோக்கியில் பார்க்கும் மாணவர்களுக்குச் சோமைட்டுகளை வெறும் உறுப்பாக அல்லாமல், காலத்தின் பதிவாகவும் கற்பிக்க வேண்டும்.