ஃபெராரிக்குப் பங்காளி முறை: நம்ம ஊர் ஃபியட்டின் கதை

ஃபெராரி என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்?

சிவப்பு நிறம். காதைக் கிழிக்கும் சத்தம். பல கோடி ரூபாய் விலை. நமக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் தோன்றும்.

சம்பந்தம் இருக்கிறது.

என்சோ ஃபெராரி சொந்தமாகக் கம்பெனி வைத்துச் செய்த முதல் காரும், நம்ம ஊர்த் தெருக்களில் "டாக்டர் கார்" என்று பெயர் வாங்கி ஓடிய பழைய ஃபியட்டும் ஒரே குடும்பம்.

"இது என்ன டாக்டர் புதுக்கதை?" என்கிறீர்களா? வாருங்கள், விரிவாகப் பார்ப்போம். பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், இதில் எனக்கு என்ன அக்கறை என்று சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது 1980-களின் கடைசியில். சாத்தான்குளம் பக்கம் ஒரு கிராமம். அம்மாவுக்கு வலி எடுத்து ஒரு பகலும் ஒரு இரவும் ஆகியும் பிரசவம் ஆகவில்லை. குழந்தை இறங்காமல் நின்றுவிட்டது. தடைப்பட்ட பிரசவம் என்போம். நேரம் ஆக ஆகத் தாயின் கருப்பை கிழியலாம். குழந்தைக்கு ஆக்சிஜன் குறையலாம். உடனே சிசேரியன் செய்தாக வேண்டும். அதுக்கு அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. ஐம்பது கிலோமீட்டர் போல தூரம்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது 2008-ல்.

அதுக்கு முன்னாடி? ஊரில் யார் வீட்டில் கார் நிற்கிறதோ, அதுதான் ஆம்புலன்ஸ்.

எங்கள் பக்கம் கிளினிக் வைத்திருந்த பெரிய டாக்டர், தன்னுடைய ஃபியட்டின் பின்சீட்டில் அம்மாவைப் படுக்க வைத்து, ராத்திரியோடு ராத்திரியாகத் தானே ஓட்டிக்கொண்டு போனார். அம்மாவும் பிழைத்தார். நானும் பிழைத்தேன்.

அந்த வண்டி 1970 மாடல். டாக்டர் காலமான பிறகு அவர் வீட்டுக் கொட்டகையில் 14 வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். வீட்டை விற்கும்போது வண்டியை இரும்புக்கடைக்குப் போட முடிவு செய்தார்கள். விசயம் காதுக்கு வந்தது. எடைக்கு என்ன விலையோ அதுக்கு மேல் கொஞ்சம் கொடுத்து நான் வாங்கிக்கொண்டேன்.

வாங்கிய பிறகுதான் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அசந்துபோனேன்.

இனி வரலாறு.

1937. இத்தாலியின் டூரின் நகரம். ஃபியட் நிறுவனத்தில் டான்டே ஜியாகோசா என்ற இளம் பொறியாளர் நடுத்தரக் குடும்பங்களுக்காக ஒரு இன்ஜினை வடிவமைக்கிறார். 4 சிலிண்டர். 1089 சிசி. அந்த இன்ஜினோடு வந்ததுதான் ஃபியட் 1100. எளிமையானது. பிரித்து மாட்டுவது சுலபம். இந்த 1089 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வரும்.

1939-ல் என்சோ ஃபெராரி ஆல்ஃபா ரோமியோ கம்பெனியை விட்டு வெளியே வருகிறார். ஆனால் ஒரு சிக்கல். நான்கு வருடத்துக்கு தன் சொந்தப் பெயரை ரேஸ் கார்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தம். எனவே மொடேனா நகரில் வேறு பெயரில் கம்பெனி தொடங்குகிறார்.

கையில் அதிகப் பணம் இல்லை. நேரமும் இல்லை. என்ன செய்தார் தெரியுமா?

ஃபியட் 1100-ஐ எடுத்தார். அதன் சேஸிஸையே அடித்தளமாக வைத்துக்கொண்டார். இரண்டு ஃபியட் 1100-களின் சிலிண்டர் ஹெட்டுகளை வரிசையாக உட்கார வைக்கும்படி புதிதாக ஒரு அலுமினிய பிளாக் வார்த்தார்கள். நாலும் நாலும் எட்டு சிலிண்டர். ஒன்றரை லிட்டர். அதனால் காரின் பெயர் 815.

1940 ஏப்ரல் 28. இத்தாலியின் புகழ்பெற்ற மில்லே மில்யா பந்தயத்தில் இரண்டு 815 கார்கள் ஓடின. தங்கள் பிரிவில் முன்னிலைக்கு வந்தும் இரண்டுமே பழுதாகி பாதியில் நின்றுவிட்டன. ஆறு வாரத்தில் இத்தாலி உலகப்போரில் இறங்கியது. ரேஸ் கனவு அத்தோடு மூட்டை கட்டப்பட்டது.

அந்த இரண்டில் ஒன்றை ஓட்டிய 21 வயதுப் பையன் ஆல்பர்ட்டோ அஸ்காரி. பின்னாளில் ஃபெராரிக்காக ஓட்டி 1952, 1953 என இரண்டு வருடம் உலக சாம்பியன் ஆனவர்.

போர் முடிந்தது. 1947-ல் மறுபடி மில்லே மில்யா. இந்த முறை சிசிடாலியா என்ற சின்ன கம்பெனியின் காரில் வந்தார் டாட்சியோ நுவோலாரி. வயது 54. நுரையீரல் கெட்டுப்போய் மூச்சுவிடச் சிரமப்பட்ட மனிதர். பெற்ற இரண்டு மகன்களையும் இளவயதிலேயே நோய்க்குப் பறிகொடுத்தவர். மேற்கூரை இல்லாத காரில், கொட்டும் மழையில், 1600 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டி இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தது 2.9 லிட்டர் ஆல்ஃபா ரோமியோ.

நுவோலாரியின் காரில் இருந்த இன்ஜின்?

ஃபியட் 1100-ன் இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கேற்றியது. அதே 1089 சிசி.

இதே சிசிடாலியா 202-ன் கூபே மாடல் இன்றைக்கும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கலைப்பொருளாக இருக்கிறது.

சரி, இந்த இன்ஜின் சாத்தான்குளத்துக்கு எப்படி வந்தது?

நம்ம தூத்துக்குடியில் 1906-ல் வ.உ.சி. ஐயா சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வெள்ளைக்காரன் அவரைச் சிறையில் தள்ளினான். கம்பெனியும் முடிந்துபோனது. 1919-ல் அதே கனவை பம்பாயில் கையில் எடுத்தவர்களில் முக்கியமானவர் வால்சந்த் ஹிராசந்த். சிந்தியா கப்பல் கம்பெனியை வளர்த்தவர். 1940-ல் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை தொடங்கியதும் அவரே. கப்பல், விமானம், அடுத்து கார். 1944-ல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆரம்பித்தார். முதலில் அமெரிக்காவின் கிறைஸ்லரோடு கூட்டு. பிறகு ஃபியட்டோடு.

1953-ல் வால்சந்த் மறைந்தார். அடுத்த வருடமே ஃபியட் 1100 இந்தியாவில் உருவாக ஆரம்பித்தது. பம்பாய் குர்லாவில் தொழிற்சாலை. 1964-ல் 1100 டிலைட் மாடல் வந்தது. என்னிடம் இருப்பது அதுதான். 1970-களில் ஃபியட் உடனான ஒப்பந்தம் முடிந்ததும் பெயர் பிரீமியர் பிரெசிடென்ட் ஆனது. 1974-ல் பிரீமியர் பத்மினி. சித்தூர் ராணி பத்மினியின் பெயர்.

பெயர் மாறியது. இன்ஜின் மாறவில்லை. இத்தாலியில் 1100-க்கு 1962-ல் பெரிய இன்ஜின் வைத்தார்கள். இந்தியாவில் கடைசி வரை அதே 1089 சிசி. 1937-ல் பிறந்த வடிவமைப்பு 2000 வரை, 63 வருடம் உயிரோடு இருந்தது!

சென்னை பக்கம் சோழவரத்தில் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய ரேஸ்களில் இந்த ஃபியட்டுகளும் சீறின. திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகும் கார், ஞாயிற்றுக்கிழமை சோழவரத்தில் ரேஸ் கார்.

உண்மையையும் சொல்லவேண்டும் நண்பர்களே.

63 வருடம் ஓடியதற்கு இன்ஜினின் தரம் மட்டும் காரணமில்லை. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் மக்களுக்கு வேறு வழியும் இல்லை. கார் வேண்டும் என்றால் பணம் கட்டி வருடக்கணக்கில் காத்திருக்கணும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் ஃபியட்டின் இறங்குமுகம் ஆரம்பித்தது. 2000-ல் உற்பத்தி நின்றது. மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸிக்கு 2023 அக்டோபரில் வயது வரம்பு முடிந்தது.

அதே 2000-ஆம் வருடம் பிப்ரவரி 1 அன்று இன்னொன்றும் நடந்தது. இந்தியா முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. மருத்துவனாக இதைச் சொல்லாமல் போக முடியாது. பழைய இன்ஜின்களின் வால்வு தேயாமல் காத்தது பெட்ரோலில் இருந்த ஈயம்தான். அதே ஈயம் புகையாக வெளியே வந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. உடலில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும் பாதுகாப்பான அளவே கிடையாது. என்னைக் காப்பாற்றிய கார் ஊர்க் குழந்தைகளுக்கு விசத்தையும் கக்கியிருக்கிறது. இரண்டும் உண்மை.

இப்போது வண்டியை உயிர்ப்பித்த கதைக்கு வருவோம்.

நாசரேத் ரோட்டில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி. வயது 70-க்கு மேல். சின்ன வயதிலிருந்து ஃபியட் வேலை பார்த்தவர். வண்டியைப் பார்க்க வரச்சொன்னேன். வந்ததும் நான் பேட்டரியை மாட்டி செல்ப் அடிக்கப் போனேன்.

"டாக்டர் தம்பி, கைய எடுங்க. 14 வருசம் படுக்கைல கெடந்தவன எழுப்பி உடனே ஓடச் சொல்வீயளா?"

வாயடைத்துப்போனேன். எங்களுக்கே பாடம்.

அவர் செய்தது இதுதான்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றி ஒரு வாரம் ஊறவிட்டார். பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்லத் தள்ளினோம். மூன்றாம் நாள் இறுகிக் கிடந்த பிஸ்டன் அசைந்தது.

இன்ஜினுக்கு முன்னாடி பிரேக். வீல் சிலிண்டர் ரப்பர்கள், ஹோஸ்கள் எல்லாம் புதிது. "ஓடாத வண்டி ஆளக் கொல்லாது. நிக்காத வண்டிதான் கொல்லும்" என்பார்.

அடுத்து துரு. இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியே எலும்புக்கூடு. தரைத்தகடு துருப்பிடித்தால் வண்டியின் பலமே போச்சு. நம்ம பக்கத்து உப்புக்காத்து இரும்புக்கு எமன். ஈரத்தில் உப்பு கரைந்தால் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துருப்பிடிக்கும் வினை வேகமெடுக்கும். அண்ணாச்சி ஒரு காந்தத்தை வைத்து பாடி முழுக்கத் தடவினார். ஒட்டாத இடமெல்லாம் உள்ளே இரும்பு போய் வெறும் பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடங்களை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்தோம்.

ஹெட்டைக் கழற்றி, ஈயமில்லாத பெட்ரோலைத் தாங்கும் கடினமான வால்வு சீட்டுகள் போட்டோம். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் அத்தனையையும் மாற்றினோம்.

கடைசியில் டாப்பெட் இடைவெளி வைக்கவேண்டும். அண்ணாச்சி ஃபீலர் கேஜைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். எண் தெரியவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் முற்றிய கண்புரை.

"எத்தனை நாளா அண்ணாச்சி?"

"ரெண்டு வருசமா இப்டித்தான் தம்பி. காத வச்சுப் பாத்துக்கிடுதேன்."

வண்டியை அப்படியே நிறுத்தினோம். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே லென்ஸ் வைத்து ஆபரேசன் செய்யப்பட்டது. முதலில் ஒரு கண், சில வாரம் கழித்து மற்றொன்று. வேலை இரண்டரை மாதம் தள்ளிப்போனது. திரும்பி வந்தவர் கேஜைப் பார்த்து டாப்பெட் வைத்தார். கார்புரேட்டரைத் திருகினார். 14 வருடத்துக்குப் பிறகு அந்த 1089 சிசி இன்ஜின் இருமியது, புகைந்தது, பிறகு சீராகத் துடித்தது.

அண்ணாச்சியின் மகன் இந்த வேலைக்கு வரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் வேலை கற்கப் பையன்களும் இல்லை. எனவே அவர் செய்த ஒவ்வொரு வேலையையும் போனில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். ஐடிஐ படித்த ஒரு தம்பி சனிக்கிழமைகளில் வந்து அவரிடம் கற்றுக்கொள்கிறான்.

நான் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். பாகங்களைக் கடைசல் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். அண்ணாச்சியின் காதை எங்கே போய்க் கடைவது? ஃபியட் இத்தனை காலம் வாழ்ந்ததற்குக் காரணம், ஒவ்வொரு சின்ன ஊரிலும் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஒருவர் இருந்ததுதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி கிடக்கிறதா? இதைக் கவனியுங்கள்.

🔹 சொந்தக் காரின் ஆர்.சி. 15 வருடம் செல்லும். பிறகு தகுதிச் சோதனை செய்து 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம்.

🔹 50 வயது தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டிகளை 2021 விதிப்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 வருடம் செல்லும். ஆனால் தினசரி உபயோகத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது.

🔹 இது சீட் பெல்ட், ஏர்பேக் எதுவும் இல்லாத காலத்து வண்டி. சீட் பெல்ட் பொருத்துங்கள். குழந்தையை முன்சீட்டில் மடியில் வைத்து ஓட்டவே ஓட்டாதீர்கள்.

🔹 எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் ஊரில் இந்த வேலை தெரிந்த பெரியவர் யார் என்று தேடுங்கள். அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அப்படியே அவர் கண்ணையும் சுகரையும் பிரசரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

போன மாதம் அம்மாவை உட்கார வைத்து ஊரை ஒரு சுற்று சுற்றி வந்தேன். முன்சீட்டில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றார்.

"அன்னைக்கு பின்னாடிதாம்ல படுத்துருந்தேன்" என்று சொல்லிப் பின்சீட்டில்தான் ஏறினார். வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. சீட்டைத் தடவிக்கொண்டே வந்தார்.

உங்கள் ஊரில் யாருடைய கார் ஆம்புலன்ஸாக ஓடியது? கமெண்டில் எழுதுங்கள். படிக்க ஆவலோடு இருக்கிறேன்.