பெருமந்தக் காலத்தில் கோயம்புத்தூர்: கிராம வீழ்ச்சியும் நகர வளர்ச்சியும் (1929–1939)

ஆய்வுச் சுருக்கம்

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தம் சென்னை மாகாணத்தின் வேளாண்மையை நிலைகுலையச் செய்தது. அதே பத்தாண்டில் கோயம்புத்தூர் ஆலை நகரமாக வளர்ந்தது. கிராமத்தின் நெருக்கடியே நகரத்தின் வளர்ச்சிக்குரிய சூழலை உருவாக்கியது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பெருமந்தம், கோயம்புத்தூர், பஞ்சாலை, பைக்காரா, வேளாண் கடன்

முன்னுரை

மந்தக் காலத்தில் நகரங்கள் அனைத்தும் ஒரே அளவில் நலிவடைவதில்லை. துறைமுக நகரமான சென்னை அயல்வணிகத்தைப் பெரிதும் சார்ந்திருந்தது. கோயம்புத்தூர் ஆலைகள் உள்நாட்டுக் கைத்தறிகளுக்கு நூல் நூற்றன. 1931, 1941ஆம் ஆண்டுகளின் குடிமதிப்புகளை ஒப்பிடின், சென்னையின் மக்கள்தொகை ஏறத்தாழ 6.47 லட்சத்திலிருந்து 7.77 லட்சமாகவும், கோயம்புத்தூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 95 ஆயிரத்திலிருந்து 1.30 லட்சமாகவும் உயர்ந்தன. முன்னதன் வளர்ச்சி 20 விழுக்காடு. பின்னதன் வளர்ச்சி 37 விழுக்காடு. இவ்வேறுபாட்டின் காரணங்கள் ஆராயத்தக்கன.

கிராமத்தின் நெருக்கடி

1929க்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளில் விளைபொருள்களின் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. நிலவரியும் பழைய கடனும் விலையோடு சேர்ந்து குறையவில்லை. எனவே அதே தொகையைச் செலுத்த உழவர் ஏறத்தாழ இருமடங்கு விளைச்சலை விற்க வேண்டியதாயிற்று. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க அளவையைக் கைவிட்டபின் தங்கத்தின் விலை ஏறியது. குடும்ப நகைகள் விற்கப்பட்டு, பெருமளவு தங்கம் இந்தியாவிலிருந்து கப்பலேறியது. கொடுத்த கடன் திரும்பாத நிலையில், கிராமத்தில் பணம் வைத்திருந்தோர் வேளாண்மைக்கு வெளியே முதலீடு தேடினர்.

ஆலைகளின் எழுச்சி

அம்முதலீட்டைக் கோயம்புத்தூர் ஈர்த்ததற்கு நான்கு காரணங்கள் உள்ளன. முதலாவது, சுற்றுப்புறத்தில் விளைந்த கம்போடியாப் பருத்தி மலிவாகக் கிடைத்தது. இரண்டாவது, பிரிட்டன் அல்லாத நாடுகளின் பருத்தித் துணிமீதான சுங்கவரி 1933இல் 75 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஜப்பானியத் துணியின் போட்டி தணிந்தது. மூன்றாவது, 1932–33 அளவில் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டம் ஆலைகளுக்கு மின்சாரம் வழங்கியது. நிலக்கரிச் சுரங்கங்களுக்குத் தொலைவிலிருந்த நகருக்கு இது பெரும் நன்மை. நான்காவது, பிழைப்புத் தேடிய கிராமத்தினர் குறைந்த கூலிக்கும் உடன்பட்டனர். பெண்கள் பெற்ற கூலி ஆண்களின் கூலியினும் குறைவு.

இந்நான்காம் காரணம் நெடுங்காலம் அமைதியாக நீடிக்கவில்லை. 1937–38இல் வேலைநிறுத்தங்கள் பெருகின. தொழிலாளர் நிலையை ஆராய மாகாண அரசு விசாரணை மன்றம் அமைத்தது.

முடிவுரை

ஆலைகளின் பெருக்கத்தையும் மக்கள்தொகை உயர்வையும் மட்டும் சான்றாகக் கொண்டால், கோயம்புத்தூர் மந்தத்தை வென்ற நகரமாகத் தோன்றும். பருத்தி விலையில் உழவர் இழந்தது ஆலையின் செலவுக் கணக்கில் மிச்சமாயிற்று; நிலமிழந்தோரின் வறுமை கூலிக் குறைப்புக்குத் துணைநின்றது. ஆகவே, மந்தக் காலத்தில் ஒரு நகரத்தின் பொருளாதார நிலையை மதிப்பிடுவோர் அந்நகருக்குப் பணமும் பஞ்சும் ஆளும் அனுப்பிய கிராமங்களின் நிலையையும் உடன்வைத்துக் காண்டல் வேண்டும்.